எலுமிச்சை சோப்பு

நல்ல சோப்பு என்றால் அதன் வாசனை தங்கக் கூடாது. அழுக்கைக் கூட்டிக்கொண்டு அதுவும் கிளம்பிவிட வேண்டும். விருந்தாளிக்கும் இதே இலக்கணம்தான். உங்கள் அலுவலகத்தில் கை கழுவும் இடத்தில் வைத்திருப்பது நல்ல சோப்பு. உள்ளே வரும்போதே கவனித்தேன். குழந்தைகள் காப்பகத்தில் இருந்தது அந்த ரகம் இல்லை. பச்சை நிறம், எலுமிச்சை வாசனை. கழுவித் துடைத்துப் பேசிச் சிரித்து வீட்டுக்கே போய்விட்டாலும் அது கூடவே வரும்.

கிழவன் சோப்பு விற்க வந்திருக்கிறானா என்று பார்க்கிறீர்கள். இல்லை அம்மா. காப்பகத்தில் வேலை பார்த்த ஊதாக்காவை விசாரிக்கிறீர்கள் அல்லவா, குழந்தையை அடித்தாள் என்று? அந்தக் குழந்தை என் பேத்தி. புகார் கொடுத்தது என் மகள். ஊதாக்கா மேல் ஒரு குற்றமும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்வதற்குச் சோப்பிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சரியாக வரும்.

நான் லாண்டரி வைத்திருந்தவன். என் வாயில் இருக்கும் பல் அத்தனையும் என் மகள் செய்தது. பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து செயற்கைப் பல் செய்வது அவள் வேலை. மெழுகைச் சுரண்டிச் சுரண்டி அவள் ஒரு பல் செய்தால், சொந்தப் பல்லே வெட்கப்பட்டு விழுந்துவிடும். அதனால் நான் பொய் சொன்னால் பாதிப் பழி அவளுக்கு என்று சொல்லி அவளைச் சிரிக்க வைப்பேன்.

பொய் சொல்வேன். அதை மறைக்க இங்கே வரவில்லை. ஆனால் அதெல்லாம் கடைப் பொய். துணி தயாராகவில்லை என்றால் காத்திருப்பவருக்குப் பொழுது போக வேண்டுமே. நீதிபதியின் கறுப்புக் கோட்டு ஒன்றை மெஷினில் போட்டேன், உள்ளே இருந்த சட்டைகளெல்லாம் மரியாதைக்கு எழுந்து நின்றுவிட்டன, அதனால்தான் ஒன்றும் வெளுக்கவில்லை என்பேன். திட்ட வந்தவர் சிரித்துவிட்டுப் போவார். மனைவி உள்ளறையிலிருந்து "பொய்" என்று குரல் கொடுப்பாள். அவள் போனாள். கொஞ்ச நாளில் கடையும் போனது. மகளோடு வந்து தங்கினேன். மருமகனுக்குக் கப்பலில் வேலை. மகளோ நாளெல்லாம் பல்லோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து சோர்ந்து படுப்பாள். வீட்டில் "பொய்" என்று சொல்லக்கூட ஆளில்லை.

பிறகு கைக்குட்டை பிறந்தாள். நான் வைத்த பெயர்தான். மடித்தால் சட்டைப்பைக்குள் போய்விடுவாள் போல அவ்வளவு சின்னதாக இருந்தாள். அவளுக்கு யானைக் கதை சொல்வேன். ஒரு யானை தன் தோலை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டுக் கூச்சத்தோடு மரத்துக்குப் பின்னால் நின்றது. நான் தும்பிக்கை வரைக்கும் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. யானைக்கு அவசரம். அப்படியே வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்துதான் அதற்கு இத்தனை சுருக்கம். இன்றும் யானையைக் கண்டால் எனக்குத் தலை குனிந்துவிடும். இதைச் சொல்லும்போது கைக்குட்டை என் வாயையே பார்ப்பாள். அவள் அம்மா செய்த பல்லைத் தொட்டுப் பார்ப்பாள். ஒரு தடவைகூடப் பொய் என்று சொன்னதில்லை.

விடுப்பு முடியப் போகிறது, குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டும் என்று மகள் சொன்னபோது, நான் நாற்காலியில் உட்கார்ந்து அவள் கழுத்தில் சுற்றும் பருத்தித் துணிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன்.

"காப்பகம் எதுக்கும்மா? நான் இல்லையா?"

"அப்பா, நீங்க மாத்திரை போட்டுத் தூங்கினா வீட்டையே தூக்கிட்டுப் போனாலும் தெரியாது."

"வீட்டை எதுக்குத் தூக்கறான்? கனமா இருக்குமே."

"பாத்தீங்களா. ஒரு மணி நேரம்னா சரிப்பா. நாள் முழுக்க எப்படி விடறது? அவ தவழ ஆரம்பிச்சாச்சு. ஓடிப் பிடிக்க உங்க முட்டி மடங்குமா?"

மடங்காது. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

காப்பகத்தில் குழந்தையைச் சட்டென்று விட்டுவிட்டு வர விடமாட்டார்கள். பழக்குவார்கள். முதலில் அம்மா உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். அப்புறம் கதவருகில். அப்புறம் தெருமுனை வரை போய் வருவாள். அம்மா வாசனையுள்ள துணி ஒன்று கொண்டு வாருங்கள், அதைப் பிடித்துக்கொண்டு தூங்கும் என்றார்கள். மகள் அந்தப் பருத்தித் துணியை இரவெல்லாம் நெஞ்சில் போட்டுக்கொண்டு படுப்பாள். காலையில் அவள் பாலைப் பீய்ச்சிப் புட்டியில் எடுத்து வைக்கும் நேரத்தில், பையை அடுக்குவது என் வேலை.

நான் அந்தத் துணியை அலசினேன். அவ்வளவுதான். பிழிந்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்தேன். ஆவி எழும்போது அதில் என் மகளின் வாசனை, பால் வாசனை எல்லாம் கலந்து என் முகத்துக்கு நேராகப் போனது. தொழில் சுத்தமாகச் செய்தேன். அந்தத் துணியில் பிறகு யாருமே இல்லை.

கைக்குட்டை அதை மூக்கில் வைத்துத் தேடினாள். திருப்பிப் போட்டுத் தேடினாள். அப்புறம் அழுதாள். நான் பையோடு கதவருகில் நின்று பார்த்தேன். இது சரிப்படாது, வீட்டிலேயே இருக்கட்டும் என்று மகள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். பாலில் கை வைக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பசிக்கிற குழந்தையின் பாலில் கை வைக்கிற ஆள் நான் இல்லை.

ஊதாக்காவை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஊதா நிற மேலங்கி போட்டுக்கொண்டு, கதவை இடுப்பால் திறந்து இடுப்பால் சாத்துகிற பெண். என்னைக் கண்டதும் "வாங்க கதைத்தாத்தா, இன்னிக்கு யாரு தோலைத் துவைச்சீங்க?" என்பாள். ஒட்டகம் என்று ஆரம்பிப்பேன். அவள் நின்று கேட்பாள். குழந்தைகளைத் தட்டிக்கொண்டே, "அப்புறம்?" என்பாள். என் மனைவிக்குப் பிறகு என்னிடம் அப்புறம் என்று கேட்ட பெரிய மனுஷி அவள் ஒருத்திதான்.

அவள் அந்த வெறும் துணியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, கைக்குட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலையெல்லாம் செய்தாள். கொஞ்ச நாளில் துணிக்கு ஊதாக்காவின் வாசனை வந்துவிட்டது. குழந்தை அதைக் கன்னத்துக்கடியில் வைத்துத் தூங்கினாள். மகள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"அப்பா, தூங்கிட்டாப்பா. அழாமத் தூங்கிட்டா."

சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள். நடைபாதையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்தப் பல் வரிசையில் சிரிப்பு நன்றாக எடுக்கும்.

அந்தக் காப்பகத்தில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு குழந்தையைத் தூக்குவதற்கு முன்னாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நல்ல விதி. ஊதாக்கா ஒரு தடவையும் தவறியதில்லை. ஆகவே எந்தக் குழந்தைக்கும் அவள் கைக்கு முன்னால் எலுமிச்சைதான் வந்து சேரும். எலுமிச்சை வந்தால் தூக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். கைக்குட்டையும் அந்த வாசனைக்குக் காலை உதைத்துச் சிரிப்பாள்.

அதே சோப்பைக் கடையில் வாங்கினேன். என் பழைய சட்டை ஒன்றை அதில் ஊறவைத்து, அலசாமல் பிழிந்து காயப்போட்டேன். அலசாத சட்டையில் வாசனை எத்தனை நாள் நிற்கும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

காப்பகத்தில் இன்னும் காலை மட்டும்தான். மகள் வேலைக்குக் கை பழக வேண்டும் என்று மதியத்தில் மருத்துவமனைக்குப் போய்வர ஆரம்பித்திருந்தாள். அந்த ஒரு மணி நேரம் எனக்குத் தரப்பட்டிருந்தது. நான் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வேன். குழந்தையைத் தூக்குவேன். வாசனை அவளுக்குத் தெரியட்டும் என்று கொஞ்சம் வைத்திருப்பேன். பிறகு விளிம்புக் கட்டை வைத்த கட்டிலில் கிடத்திவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அடிக்கவில்லை. கிள்ளவில்லை. குரல் உயர்த்தவில்லை. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போனேன். எல்லோரும் வீட்டில் செய்வதுதான்.

மெஷின் ஓடும்போது காதாலேயே தெரிந்துவிடும் எனக்கு, எப்போது துணி பிழிந்து முடிகிறது என்று. சத்தம் மாறும். குழந்தையின் அழுகையிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது அம்மா. முதலில் அழுவது கூப்பிடுவதற்காக. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு ஓர் அழுகை வரும். அது யாருக்காகவும் இல்லை. அது வரும்வரை கதவுக்கு வெளியே நிற்பேன். பேச மாட்டேன். என் குரல் கேட்டால் அவளுக்குத் தைரியம் வந்துவிடும்.

அந்த அழுகை வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, என் வழக்கமான சட்டையோடு உள்ளே போவேன். தூக்குவேன். யானைக் கதை சொல்வேன். தோலைக் கழற்றிக் கொடுக்கிற இடம் வருவதற்குள் விம்மல் நின்றுவிடும். என் கழுத்தைப் பிடித்துக்கொள்வாள். அப்படிப் பிடித்துக்கொள்வாள், சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்தச் சட்டையில் இருப்பவன் விட்டுவிட்டுப் போகிறவன். இந்தச் சட்டையில் இருப்பவன் வருகிறவன். வருகிறவன்தான் நான். அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு காப்பகத்தில் கைக்குட்டை எலுமிச்சை வாசனை வந்தாலே கத்த ஆரம்பித்தாள். ஊதாக்கா கையைக் கழுவிக்கொண்டு குனிவாள், குழந்தை வில்லாக வளையும். "என்னடி தங்கம், அக்காவைத் தெரியலையா?" என்று முகத்தைக் காட்டுவாள். தன் கையில் அழுக்கோ காரமோ இருக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, போய் இன்னும் நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவாள். திரும்பவும் தூக்குவாள். நான் கதவருகில் நின்று பார்த்திருக்கிறேன். அவ்வளவு சுத்தமான கைகள்.

புகாரில் இருக்கிற அன்றைக்குக் குழந்தை அழுது அழுது மூச்சு நின்றுவிட்டது. உதடு நீலமாகிவிட்டது. ஊதாக்கா அவளைக் கவிழ்த்து முதுகில் தட்டினாள். பலமாகத்தான் தட்டினாள். மூச்சு வந்தது. முதுகில் விரல்கள் பதிந்திருந்தன. நாங்கள் அழைத்துப் போக வந்தபோது அந்தத் தடம் இன்னும் மறையவில்லை.

"என் குழந்தைய என்ன பண்ணீங்க?" என்றாள் மகள்.

"அம்மா, மூச்சு வரலம்மா. தட்டினேன். தட்டலைன்னா..."

"தட்டினா இப்படியா பதியும்? இத்தனை நாளா ஏன் உங்களைப் பாத்தாலே கத்தறா? எனக்கு அப்பவே தோணிச்சு."

ஊதாக்கா என்னைப் பார்த்தாள். "தாத்தா, நீங்களாவது சொல்லுங்க. நான் அப்படிப்பட்டவளா?"

எனக்கு எப்போதும் சொல்ல ஏதாவது இருக்கும். நீதிபதியின் கோட்டுக்கே கதை கட்டியிருக்கிறேன். அன்றைக்குப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அத்தோடு குழந்தை என்னிடம் வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மகள் வேலையை விட்டுவிட்டாள். அவளுடைய மேசையை, அவள் பார்த்துப் பார்த்து வாங்கி வைத்திருந்த சின்னச் சின்னச் சுரண்டிகளோடு, வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். நாள் முழுக்கக் குழந்தையை மடியிலேயே வைத்திருந்தாள். "இனிமே உன்னை யார்கிட்டயும் விடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யானைக் கதைக்கு நேரமே கிடைக்கவில்லை.

பால் கொடுப்பதற்கு முன்பக்கம் பொத்தான் வைத்த, தொளதொளவென்ற துணி வசதி. மகள் ஒரு நாள் கொடியிலிருந்து என் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். எந்தச் சட்டை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளேதான் எடுத்தாள்.

கைக்குட்டை அவள் மார்பில் முகம் வைத்தாள். பிறகு கத்தினாள். முதுகை வளைத்து, இரண்டு கையாலும் தன் அம்மாவைத் தள்ளினாள். மகள் கீழே விடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல், "அம்மாடா, அம்மாதான்டா" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. பிறகு என்னிடம் நீட்டினாள். என் தோளுக்கு வந்ததும் குழந்தை அடங்கிவிட்டது.

சட்டையைப் பிடுங்கி எறிந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதில் பால் சிந்தி அழுக்காகியிருந்தது. துவைத்துக் கொடுத்தேன். திரும்ப அவள் போட்டுக்கொண்டாள், திரும்பத் துவைத்துக் கொடுத்தேன். வீட்டில் என்னிடம் இருந்த சோப்பு அதுதான்.

மகள் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். பால் வற்றிவிட்டது. குழந்தை தூங்கும்போது மட்டும் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்ப்பாள், விழித்துவிடப் போகிறதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"அவளுக்கு என்னைப் பிடிக்கலப்பா. என்னமோ எங்கிட்டதான் தப்பு. நான் வேலை தேடிக்கறேன். நீங்களே பாத்துக்கங்க. உங்ககிட்டதானே இருக்கா."

நான் கேட்டது அதுதான். கிடைத்துவிட்டது. ஆனால் அவள் அந்தப் பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். துணி, சோப்பு, சட்டை, கதவு, எல்லாம். இப்போது உங்களிடம் சொன்ன மாதிரியே வரிசையாகச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டாள். பிறகு சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள். ஈரக் கையோடு வந்து என் தலையைத் தடவினாள்.

"என்னைத் தேத்தறதுக்கு இப்படியெல்லாமா ஒரு கதை கட்டுவீங்க? உங்க மேலயே பழியைப் போட்டுக்கிட்டு? போங்கப்பா. இதுக்கு யானைக் கதையே தேவலாம்."

சொல்லி முடிக்கும்போது சிரிப்பு அழுகையாகிவிட்டது. என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். உலகத்தில் தனக்கு இருக்கும் ஒரே துணை நான்தான் என்றாள். நான் என்ன செய்வது? ஒரு தடவை உண்மையைச் சொன்னேன், அதற்குமேல் வற்புறுத்துவது அழகில்லை.

பாருங்கள், நீங்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். கிழவனுக்கு வயதாகிவிட்டது, ஊதாக்கா மேல் இரக்கப்பட்டு உளறுகிறான் என்று தோன்றுகிறது. அதற்காகத்தான் இந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு வந்தேன். கொஞ்சம் கிட்டே வந்து முகர்ந்து பாருங்கள். எலுமிச்சை. இது போதும் அல்லவா? அந்தப் பெண்ணைக் குழந்தைகளிடம் திரும்ப விடுங்கள். அவள் கை சுத்தமான கை.

எனக்கு நேரமாகிறது. மகளுக்கு வேறொரு பல் மருத்துவமனையில் வேலை கிடைத்து, இன்றுதான் முதல் நாள். பொழுது சாய்ந்துதான் வருவாள். கைக்குட்டையைத் தூங்க வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். இந்நேரம் எழுந்திருப்பாள். ஏன் எழுந்து நிற்கிறீர்கள் அம்மா? பதற வேண்டாம். நான் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு தூக்கினால் அடங்கிவிடுவாள். அந்தக் குழந்தைக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. அவள் அம்மா விட்டுவிட்டுப் போனாள், ஊதாக்கா போனாள், அப்பன் கப்பலில் இருக்கிறான்.

நான் ஒருவன்தான் அவளை ஒரு நாளும் தனியாக விட்டதில்லை.